பாட்டு யார் பேரில் இருக்கிறது?

இசைக்கு டிஜிட்டல் உரிமை டோக்கன், அதாவது என்எஃப்டி, வந்துவிட்டால் பாடகனுக்கு விடிவுகாலம்தான் என்று 2021இல் உலகம் முழுக்கப் பேசினார்கள். அந்தப் பேச்சு வடசென்னையில் எங்கள் தண்டையார்பேட்டை வரைக்கும் வந்து சேர்ந்தது. என் ஸ்டூடியோவுக்கு ரெக்கார்டிங் செய்ய வரும் பையன்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள்: “அண்ணா, நம்ம பாட்டை என்எஃப்டியா போட்டா காசு வருமாண்ணா?” நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். பாட்டு இப்போது யார் பேரில் இருக்கிறது? பெரும்பாலும் அதற்குப் பதில் வராது.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். டோக்கனுக்கு இசையில் சின்னதாக ஒரு எதிர்காலம் இருக்கிறது. டிக்கெட்டாக இருக்கலாம், ரசிகர் அடையாளமாக இருக்கலாம், கலைஞனுக்கு நேரடியாகக் கொடுத்த பணத்துக்கு ரசீதாக இருக்கலாம். ஆனால் பாட்டின் உரிமையையே துண்டு போட்டு விற்கும் கருவியாக அது நிலைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதுவும் எங்கள் பக்கத்துக் கானாக் கலைஞர்களுக்கு அது உதவாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏன் என்று சொல்வதற்கு, இங்கே ஒரு பாட்டு எப்படி உருவாகிறது என்பதிலிருந்து வர வேண்டும்.

கானா என்றால் சினிமாக் குத்துப்பாட்டு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு, பட்டாளம், ஓட்டேரி, கொருக்குப்பேட்டை, காசிமேடு என்று இந்தப் பக்கம் முழுக்கச் சாவு வீட்டில் ராத்திரி பூராவும் உட்கார்ந்து பாடுவதுதான் கானாவுக்குத் தாய்வீடு. இறந்தவர் பேர், அவர் பார்த்த வேலை, அவர் பிள்ளைகள் பேர், தெருவுக்கு அவர் செய்த நல்லது எல்லாம் பாட்டுக்குள் வந்துவிடும். அப்புறம் பதினாறாம் நாள் காரியம், படத்திறப்பு, கல்யாண ரிசப்ஷன், திருவிழா என்று கச்சேரி விரியும். டோலக், கீபோர்டு, ரிதம் பேட், இரண்டு மூன்று குரல் சேர்ந்தால் ஒரு செட் தயார்.

வரிகள் பிறப்பது கூட்டத்தில். ஒருவர் பல்லவி போடுவார். இன்னொருவர் மேடையிலேயே நாலு அடி சேர்ப்பார். அடுத்த வாரம் வேறொரு தெருவில் மூன்றாமவர் அதைப் பாடும்போது பாதி வரி மாறியிருக்கும். சில மூத்த கலைஞர்கள் கடைசி அடியில் தங்கள் பேரைக் கோத்துவிடுவார்கள்; அந்தப் பேரை மாற்றிப் பாடினால் சண்டை வந்துவிடும். மெட்டு விஷயம் இன்னும் சிக்கல். 1990களில் தேவாவின் இசையில் கானா சினிமாவுக்குள் பெரிதாகப் போனது. 2012க்குப் பிறகு கானா பாலாவின் குரல் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. இப்படித் தெரு சினிமாவுக்குப் போன அதே வேகத்தில் சினிமா மெட்டுகளும் தெருவுக்கு வந்தன. இன்று கச்சேரியில் பாடும் பாட்டுகளில் கணிசமானவை சினிமா மெட்டில் புது வரி போட்டவை. அந்த வரிகள் நெஞ்சை அறுக்கும். ஆனால் மெட்டு வேறு யாரோ ஒருவருக்குச் சொந்தம்.

இந்தப் பாட்டுகளை முதலில் விற்றவர்கள் கேசட்காரர்கள். “மொத்தமா இவ்ளோதான்” என்று ஒரு தொகை பேசுவார்கள். கையில் காசு வந்துவிடும், காகிதம் எதுவும் வராது. கேசட் ஆயிரம் போனாலும் லட்சம் போனாலும் பாடியவருக்கு அதோடு முடிந்தது. பிறகு பர்மா பஜாரில் எம்பி3 சிடி வந்தது. அதற்கும் பிறகு ரீசார்ஜ் கடைகள். மெமரி கார்டைக் கொடுத்தால் கம்ப்யூட்டரிலிருந்து பாட்டு ஏற்றித் தருவார்களே, அந்தக் கடைகள். கானாவுக்கென்று தனி ஃபோல்டர் எல்லாக் கடையிலும் இருந்தது. உள்ளே ‘டிராக் 07’, ‘டிராக் 08’ என்றுதான் கிடக்கும். எழுதியவர் பேரும் இருக்காது, பாடியவர் பேரும் இருக்காது. கேசட் உறையிலாவது ஒரு போட்டோ இருந்தது. மெமரி கார்டில் அதுவும் போய்விட்டது.

அடுத்து யூடியூப். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டோக்கன் பற்றிய என் எண்ணம் முழுவதும் இங்கிருந்துதான் வருகிறது.

ஹார்பரில் லோடு வேலை பார்க்கும் ஓர் அண்ணன் இருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். அம்மாவைப் பற்றி ஒரு பாட்டு எழுதி, மெட்டும் சொந்தமாகப் போட்டு, என்னிடம் வந்து பாடினார். வரிகளை அவர் எழுதிக்கொண்டு வரவில்லை. எனக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பியிருந்தார். பின்னால் ஃபேன் சத்தம், நடுவில் பேரக்குழந்தை அழுகிற சத்தம். ரெக்கார்டிங்குக்கு அவரே பணம் கட்டினார். பாட்டு நன்றாக வந்தது. கச்சேரியைப் படம்பிடித்துப் போடும் ஒரு சேனல்காரர் அவரிடம் வந்து, “பாட்டைக் குடுண்ணே, நான் ஏத்தி விடுறேன், நல்லா போகும்” என்று சொல்லி, பென் டிரைவில் ஃபைலை வாங்கிப் போனார். அண்ணனுக்கு அதில் சந்தோஷம்தான்.

சில மாதம் கழித்து அவர் மகன் அப்பா பேரில் ஒரு சேனல் தொடங்கி அதே பாட்டைப் போட்டான். போட்ட கொஞ்ச நேரத்தில் பதிப்புரிமைக் கோரிக்கை வந்துவிட்டது. இந்த ஒலி இன்னொருவருக்குச் சொந்தம், இதில் வரும் விளம்பர வருமானம் அவருக்குப் போகும் என்று. பென் டிரைவ் வாங்கிப் போனவர், தளங்களில் பாட்டை ஏற்றித் தரும் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகப் பாட்டைத் தன் லேபிள் பேரில் எல்லா ஸ்ட்ரீமிங் தளங்களிலும் பதிந்து, ஒலியை ஒப்பிட்டுச் சொந்தக்காரரைக் காட்டும் யூடியூபின் கன்டென்ட் ஐடியிலும் சேர்த்திருந்தார். அந்த அமைப்பைப் பொறுத்தவரை முதலில் வந்து பதிந்தவர்தான் சொந்தக்காரர். அண்ணன் போனை என்னிடம் நீட்டிக் கேட்டார்: “இன்னா தம்பி இது, எங்கம்மாவப் பத்தி நான் பாடுனது எப்பிடி அவனுதாவும்?”

மறுப்புத் தெரிவித்தோம். கோரிக்கை வைத்தவருக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. எங்களிடம் இருந்த ஆதாரம் என்ன? என் கம்ப்யூட்டரில் தேதியோடு கிடந்த புராஜெக்ட் ஃபோல்டர். டோலக், கீபோர்டு, குரல் என்று தனித்தனி டிராக்குகள். பணம் வாங்கியதற்கு நான் கொடுத்த பில். அப்புறம் அந்த வாய்ஸ் மெசேஜ். இவற்றை வைத்துக்கொண்டு பேசியதில் கோரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். அதுவரை வந்த காசு வாங்கியவரோடு போனது.

இப்போது டோக்கனுக்கு வருவோம். பிளாக்செயின் என்பது ஒரு பேரேடு. ஒரே ஆள் கையில் இல்லாமல் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒரே சமயத்தில் இருக்கும். அதில் ஒருமுறை ஏறியதைத் திருத்துவது மிகக் கடினம். என்எஃப்டி என்பது அந்தப் பேரேட்டில், பெரும்பாலும் எத்தீரியம் என்ற பிளாக்செயினில், தனி எண்ணோடு ஏறும் ஒரு பதிவு. இன்ன டோக்கன் இன்ன வாலட்டில், அதாவது டிஜிட்டல் பணப்பையில், இருக்கிறது என்று அது சொல்லும். பாட்டு அந்தப் பதிவுக்குள் இருக்காது. பாட்டு வேறெங்கோ ஒரு சர்வரில் இருக்கும். டோக்கனில் இருப்பது அதைக் காட்டும் ஒரு சுட்டி. இந்தப் பேரேடு நேர்மையானதுதான். தன்னிடம் எழுதப்பட்டதை அது மாற்றாது. ஆனால் முதலில் எழுதியவன் உண்மையைத்தான் எழுதினானா என்று அதற்குத் தெரியாது. பென் டிரைவ் வாங்கிப் போனவர் கன்டென்ட் ஐடிக்குப் பதிலாக பிளாக்செயினில் பதிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பொய்யும் அழியாமல் இருக்கும். மறுப்புச் சொல்லவும் அங்கே ஆள் இருக்க மாட்டார்கள்.

2021இல் இதை வைத்து நடந்த வியாபாரம் தலைசுற்ற வைப்பது. பிப்ரவரியில் அமெரிக்க டிஜே ஜஸ்டின் பிளாவ் தன் ஆல்பம் ஒன்றை டோக்கன்களாக ஏலம் விட்டு ஒரு கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தார். மார்ச்சில் கிங்ஸ் ஆஃப் லியான் என்ற ராக் குழு தன் புது ஆல்பத்தை டோக்கனாகவும் வெளியிட்டது. அதே மார்ச்சில் ஒரு டிஜிட்டல் ஓவியம் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 6.9 கோடி டாலருக்குப் போனது. அந்தச் செய்திகளைப் படித்துவிட்டுத்தான் எங்கள் பையன்கள் கேட்டார்கள். கேட்டதில் தப்பே இல்லை. வாழ்நாள் முழுக்க ‘மொத்தமா இவ்ளோ’ என்று கேட்டு வளர்ந்தவனிடம், இனி ஒவ்வொரு தடவை பாட்டு கைமாறும்போதும் உனக்குப் பத்து சதவீதம் வரும் என்றால் அவன் காது கொடுக்கத்தானே செய்வான்?

அந்தப் பத்து சதவீதம் என்ன ஆனது? மறுவிற்பனையில் கலைஞருக்குப் பங்கு என்பதுதான் டோக்கனின் பெரிய வாக்குறுதி. தொழில்நுட்பமே அதை உறுதி செய்யும் என்றார்கள். உண்மையில் அதை உறுதி செய்து வந்தது விற்பனைத் தளங்களின் சம்மதம்தான். தளங்களுக்குள் போட்டி வந்து, பங்கு பிடிக்காத தளத்துக்கு வியாபாரிகள் ஓடியதும், மிகப் பெரிய தளமாக இருந்த ஓப்பன்சீயே 2023 ஆகஸ்ட்டில் அதைக் கட்டாயப்படுத்துவதைக் கைவிட்டது. இடைத்தரகர் இல்லாத உலகம் என்று சொல்லி விற்றார்கள். பங்கு கிடைக்குமா கிடைக்காதா என்பதை முடிவு செய்தது புதிய இடைத்தரகர்.

கோச்செல்லா கதை இன்னும் தெளிவானது. அமெரிக்காவில் நடக்கும் பிரபலமான இசை விழா அது. 2022 பிப்ரவரியில் வாழ்நாள் முழுக்க விழாவுக்கு வர அனுமதி தரும் பத்து ‘சாவி’களை என்எஃப்டியாக ஏலம் விட்டார்கள். சுமார் 15 லட்சம் டாலர் கிடைத்தது. விற்பனை நடந்தது எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ நிறுவனத்தின் தளத்தில். நவம்பரில் எஃப்டிஎக்ஸ் திவாலானது, வாங்கியவர்களில் பலருடைய சாவிகள் உள்ளே மாட்டிக்கொண்டன. யாருடைய சர்வரையும் நம்ப வேண்டாம் என்று சொல்லப்பட்ட பொருள், ஒரு நிறுவனம் மூழ்கியதும் கூடவே மூழ்கியது.

என்எஃப்டி என்ற பேச்சு பரவும் முன்பே இதைச் செய்து பார்த்தவர் ஒருவர் உண்டு. பிரிட்டிஷ் இசைக்கலைஞர் இமோஜன் ஹீப் 2015இல் தன் பாட்டு ஒன்றை எத்தீரியம் வழியாக வெளியிட்டார். காசு கொடுத்தால் அது வாசித்தவர்களுக்கும் பதிவு செய்தவர்களுக்கும் அவரவர் பங்குப்படி தானாகப் பிரிந்து போய்ச் சேரும். அதில் வந்த மொத்த வருமானம் 133 டாலர் என்று செய்தி வந்தது. தொகையைப் பார்த்துச் சிலர் அதை ஒதுக்கினார்கள். எனக்கு அந்த முயற்சியின் மேல் இன்றும் மரியாதை உண்டு. யாருக்கு எவ்வளவு என்று எல்லோரும் முதலில் உட்கார்ந்து ஒத்துக்கொண்டு, பிறகு கருவியிடம் ஒப்படைத்தார்கள். சரியான வரிசை அது. 2021இல் அந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் டோக்கன் போட்டு விற்றுவிட்டு, உரிமையைப் பிறகு பார்க்கலாம் என்று இறங்கியவர்கள் நிறையப் பேர்.

ராயல்டியை முன்கூட்டியே விற்பதற்குக் கணினிப் பேரேடுகூடத் தேவையில்லை. டேவிட் போவி 1997இல் தன் பழைய ஆல்பங்களிலிருந்து வரப்போகும் வருமானத்தை ஈடாக வைத்து 5.5 கோடி டாலருக்குப் பத்திரம் வெளியிட்டார். இணையத் திருட்டு வந்து ரெக்கார்டு விற்பனை சரிந்ததும் 2004இல் தரமதிப்பீட்டு நிறுவனமான மூடிஸ் அந்தப் பத்திரங்களின் தரத்தைக் குறைத்தது. போவியால் அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், தன் ரெக்கார்டிங்குகளின் உரிமையை அவர் தன் கையில் வைத்திருந்ததுதான். எங்கள் அண்ணன் கையில் இருந்தது ஒரு வாய்ஸ் மெசேஜ்.

நம் சட்டம் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் டோக்கன் விற்க வருகிறவர்கள் யாரும் சொல்வதில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் ஒரு பெரிய திருத்தம் வந்தது. அதற்காக மாநிலங்களவையில் உரக்கப் பேசியவர் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். சினிமாவிலோ ஒலிப்பதிவிலோ வரும் பாட்டுக்கு வரி எழுதியவரும் மெட்டுப் போட்டவரும், பாட்டைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த பிறகும், தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்றபடி அதில் வரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுக்குத் தரலாம். வசூலித்துப் பங்கிடும் பதிப்புரிமைச் சங்கத்துக்குத் தரலாம். 1969 முதல் இருக்கும் ஐபிஆர்எஸ் அப்படிப்பட்டது. வேறு யாருக்கு எழுதிக் கொடுத்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது.

இதன் பக்கத்தில் ராயல்டி டோக்கனை வைத்துப் பாருங்கள். 2022 ஜனவரியில் ராப்பர் நாஸ் தன் இரண்டு பாட்டுகளின் ஸ்ட்ரீமிங் ராயல்டியில் ஒரு பங்கை டோக்கன்களாக ரசிகர்களுக்கு விற்றார். அது அமெரிக்கா. இங்கே ஒரு கானாக் கவிஞர் தன் எழுத்துக்கான ராயல்டியை அப்படி விற்கப் போனால் 2012 திருத்தம் குறுக்கே நிற்கும் என்றுதான் நான் படித்துப் புரிந்துகொள்கிறேன். ரெக்கார்டிங்குக்குப் பணம் போட்ட கம்பெனி தன் பங்கை விற்கலாம், அதற்குத் தடையில்லை. அப்படியென்றால் இந்தக் கருவி முதலில் யாருக்கு உதவும் என்று பாருங்கள்.

இந்தத் தடையைத் தளர்த்த வேண்டும் என்று சிலர் பேசுவார்கள். நான் அதை எதிர்ப்பேன். மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய வாரத்தில் ஒரு மனிதரிடம் போய், உன் பாட்டின் வருங்கால ராயல்டி மொத்தத்துக்கும் பத்தாயிரம் தருகிறேன் என்றால் அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். கேசட் காலத்தில் நடந்தது அதுதான். அவர் அவசரத்திலிருந்து அவரையே காப்பாற்றுகிற சட்டம் இது. அதை வாங்கித் தந்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இன்னொன்றும் அந்தச் சட்டத்தில் உண்டு, எங்கள் பக்கம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. உரிமையை ஒருவருக்கு மாற்றித் தர எழுத்தில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். பென் டிரைவைக் கொடுத்தது உரிமையைக் கொடுத்ததாகாது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான். எந்தெந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். பழைய காகிதம் எதையாவது பீரோவில் வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள்.

‘எல்லாப் பாட்டுக்கும் உலகம் முழுக்க ஒரே பேரேடு’ என்ற கனவும் புதிதல்ல. எந்தப் பாட்டு யாருக்குச் சொந்தம் என்று ஒரே இடத்தில் பதிய, பெரிய இசை நிறுவனங்களும் ராயல்டி சங்கங்களும் சேர்ந்து உலகளாவிய தரவுத்தளம் ஒன்றைத் தொடங்கின. பல ஆண்டு உழைத்து, நிறையப் பணம் செலவழித்து, 2014இல் கைவிட்டார்கள். கம்ப்யூட்டரால் முடியாமல் போன காரியமா அது? யார் நிர்வகிப்பது, யார் பணம் போடுவது என்பதில் ஒத்துப்போகவில்லை. அந்த மனிதச் சிக்கலை பிளாக்செயின் தீர்க்கவில்லை. ‘என்ஜாய் எஞ்சாமி’ 2021இல் வந்து உலகம் சுற்றியது. 2024 மார்ச்சில் அதற்கு இசையமைத்த சந்தோஷ் நாராயணன், தனக்கும் அதைப் பாடிய அறிவு, தீ என்ற இருவருக்கும் அந்தப் பாட்டிலிருந்து ஒரு காசுகூட வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். உலகமே பேர் சொல்லும் கலைஞர்களின் நிலையே இது. ஹார்பரில் லோடு தூக்கிவிட்டு ராத்திரியில் பாடுகிறவருக்குக் கருவி மட்டும் போதாது.

சரி, டோக்கனில் எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது.

கானாக் கச்சேரிக்குப் போனவர்களுக்குத் தெரியும். பாட்டு உருக்கமாக ஏறும்போது கீழே இருந்து ஒருவர் எழுந்து மேடைக்கு வருவார். ஐநூறு ரூபாயைப் பாடகர் கையில் வைப்பார். கீபோர்டு நிற்காது, டோலக் மட்டும் கொஞ்சம் அடங்கும். “இன்ன தெரு இன்னார், அவங்க அப்பா நினைவா, ஐநூறு ரூபா அன்பளிப்பு” என்று மைக்கில் பேர் போகும். பணம் கொடுத்தவர் பாட்டை வாங்கவில்லை. அதன் உரிமையும் அவருக்கு வேண்டாம். அந்தப் பாட்டோடு தன் அப்பா பேர் ஒரு தடவை ஒலிக்க வேண்டும், தெரு அதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். இசை என்எஃப்டி வாங்கி இன்றும் வைத்திருப்பவர்கள் வாங்கியதும் இதைத்தான் என்று நினைக்கிறேன். லாபத்துக்காக வாங்கியவர்கள் எப்போதோ விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். இந்தக் கலைஞனை ஆரம்பத்திலேயே ஆதரித்தவன் நான் என்ற பதிவு மிச்சமுள்ளவர்களுக்குப் போதும். அது உண்மையான தேவை. அதற்கு எதிர்காலம் உண்டு.

ஆனால் அதற்கும் இங்கே கிரிப்டோ வேண்டுமா? மேடை ஓரத்தில் கியூஆர் கோடு அட்டை வைத்து, ஜிபேயில் அன்பளிப்பு வாங்கத் தொடங்கிவிட்டார்கள். யுபிஐயில் பணம் நொடியில் வந்து சேருகிறது, பிடித்தமும் இல்லை. டோக்கன் பக்கம் போனால் 2022 ஏப்ரல் முதல் லாபத்தில் 30 சதவீதம் வரி, ஜூலை முதல் விற்ற தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ் என்ற முன்கூட்டிய வரிப் பிடித்தம், ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றில் கழிக்கவும் முடியாது. வாலட்டின் ரகசியச் சொற்கள் தொலைந்தால் மீட்க ஆளில்லை. மலேசியாவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் போன் போட்டுப் பாராட்டும் தமிழர்களிடமிருந்து பணம் வாங்க ஒருவேளை பயன்படலாம்.

எனக்கு மனதாரப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. இமோஜன் ஹீப் செய்து காட்டிய தானியங்கிப் பங்கீடு. எங்கள் செட்டுகளில் டோலக் வாசிப்பவர் இல்லாவிட்டால் பாட்டே எழும்பாது. ஆனால் ரெக்கார்டிங் அன்று வாங்கிய சம்பளத்தோடு அவர் கணக்கு முடிந்துவிடும். சட்டத்தில் அவரும் நிகழ்த்துகலைஞர்தான், அவருக்கும் உரிமை உண்டு. பாட்டுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயும் யாரும் கேட்காமலே, யாரும் துரத்தாமலே, அவர் கணக்குக்கு ஏழு பைசாவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்றால் அந்த ஒன்றுக்காக எந்தத் தொழில்நுட்பத்தையும் நான் வரவேற்பேன். பிளாக்செயின் இல்லாமலே சில டிஸ்ட்ரிபியூட்டர்கள் இந்தப் பங்கீட்டு வசதியைத் தருகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதில் செய்தாலும், அந்த ஏழு பைசா என்ற எண்ணை யாராவது உட்கார்ந்து பேசி முடிவு செய்திருக்க வேண்டும்.

அதனால்தான் என் ஸ்டூடியோவில் மைக்கைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாள் நிரப்புகிறோம். ஒரே பக்கம், தமிழில். பாட்டின் முதல் அடி, தேதி. பல்லவி யார், எந்தச் சரணம் யார். மெட்டு சொந்தமா, சினிமாவா. யார் எதை வாசித்தார்கள். ரெக்கார்டிங்குக்கு யார் பணம் கட்டினார்கள், மூல ஃபைல் யாரிடம் இருக்கும். வருமானம் வந்தால் யாருக்கு எவ்வளவு. ஒலிப்பதிவின் அடையாள எண்ணான ஐஎஸ்ஆர்சி கிடைத்ததும் எழுத ஒரு கட்டம். எல்லோரும் கையெழுத்துப் போட்டதும் போட்டோ எடுத்து எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். பங்கு பேசும்போது குரல் உயர்வதும் உண்டு. நண்பர்களாக வந்தவர்கள் பேசாமல் டீக்கடைக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார்கள். பாட்டு ஓடிய பிறகு வரும் சண்டையை விட இது எவ்வளவோ மேல்.

சினிமா மெட்டுப் பாட்டுகளுக்கு மட்டும் இந்தத் தாளால் பெரிதாக உதவ முடியவில்லை. வரிக்கு யார் சொந்தம் என்று எழுதி வைக்கிறோம். மெட்டுக்கு அனுமதி இல்லாமல் விற்பனைக்குப் போட வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறேன். சொந்த மெட்டுப் போடச் சொல்லித் தொந்தரவும் செய்கிறேன். இளம் பையன்கள், இப்போது பெண்பிள்ளைகளும், நல்ல மெட்டுகளோடு வருகிறார்கள்.

பழைய பாட்டுகள் விஷயத்தில்தான் உங்கள் உதவி வேண்டும். கேசட் காலத்துக் கானாக்களில் எழுதியவர் பேர் தெரியாமல் கிடப்பவை ஏராளம். எழுதியவர்களில் சிலர் இப்போது இல்லை. அவர்கள் பிள்ளைகள் இதே தெருக்களில்தான் இருக்கிறார்கள், ராயல்டி என்று வந்தால் அது அவர்களுக்குச் சேர வேண்டியது. 1990களின் கானா கேசட் உறை யார் வீட்டிலாவது இருந்தால் முன்பக்கம், பின்பக்கம், உள்தாள் மூன்றையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். ராயபுரத்திலிருந்தும் பெரம்பூரிலிருந்தும் சிலர் அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். தாளின் படிவம் வேண்டுமென்றாலும் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன். உங்கள் செட்டுக்குத் தேவையானபடி மாற்றிக்கொள்ளலாம்.